ஒன்பது கறுப்புக் குமிழ்கள்

போன டிசம்பர் செமஸ்டர் லீவில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, எங்கள் வீட்டு அலமாரிக்குக் குமிழ் மாற்றியது. உருப்படியான வேலை என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல் நான். கையால் ஒரு பொருளைத் தொட்டு முழுசாக முடித்தது என்றால் ஃபிட்டிங் லேபில் ராவி ராவிக் கை வீங்கிய அந்த வி-கட், அதற்கப்புறம் இதுதான்.

முதலில் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்க தாத்தா டெய்லர். திருநெல்வேலி டவுனில், சந்திப்பிள்ளையார் முக்குக்குப் பக்கத்தில் கடை. கடைக்காகச் செங்கோட்டையில் தேக்கு வாங்கி, ஆசாரியை வீட்டிலேயே உட்கார வைத்துச் செய்தது இந்த அலமாரி. இடுப்பு உயரம். மூணுக்கு மூணு, மொத்தம் ஒன்பது இழுப்பு. சட்டைப் பட்டன் ஒரு இழுப்பு, கொக்கி ஒரு இழுப்பு, ஊசி, நூற்கண்டு, பாபின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீடு. நான் ஆறாவது படிக்கும்போது தாத்தா தவறிப்போனார். கடையைக் காலி பண்ணினார்கள். மெஷினை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அலமாரி மட்டும் எங்க வீட்டுப் பட்டாசலுக்கு வந்து, டிவிக்கு எதிர்ச் சுவரில் நின்றுகொண்டது. பட்டன்கள் பாதிக்கு மேல் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

அதில் ஏழு இழுப்புக்குப் பித்தளைக் குமிழ். மற்ற இரண்டும் நடுவில் எப்போதோ கழன்று தொலைந்து போயிருக்கின்றன. ஒன்றுக்குத் தாத்தா எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ் கொண்டுவந்து மாட்டினார். இன்னொன்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை போல. ஒரு மரக்கட்டையைக் குமிழாகச் செதுக்கி, பிடி வழுக்காமல் இருக்கப் பச்சை மெஷின் நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே பசை தடவிவிட்டார். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வரும் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ரீல்ஸ் பார்க்கிற எல்லாருக்கும் மேட் பிளாக் வியாதி தெரிந்திருக்கும். குழாய் மேட் பிளாக், கதவுப் பிடி மேட் பிளாக், பாத்ரூம் ஷவர் மேட் பிளாக். ஒரு பழைய அலமாரியை முதலில் அழுமூஞ்சியாகக் காட்டுவார்கள். ஸ்குரூ டிரைவர் இரண்டு சுற்று. அடுத்த நொடி அதே அலமாரி ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மாதிரி நிற்கும். பெயின்ட் வேண்டாம், ஆசாரி வேண்டாம், குமிழை மாற்றினால் போதும். இது ஓரளவு உண்மையும்கூட. ஒரு மரச் சாமானில் நம் கண் முதலில் போய் நிற்கிற இடம் குமிழ்தான். குறைந்த செலவில் முகம் மாற வேண்டும் என்றால் அதில்தான் கை வைக்க வேண்டும்.

பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "புளியப் போட்டு அந்தக் குமிழெல்லாம் தேய்ச்சு விடுட்டி" என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும், புளியில் இருக்கிற அமிலம் அதைக் கரைக்கும், ஒரு மாசத்தில் மறுபடி படியும். வருஷா வருஷம் தேய்ப்பதைவிட ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று கணக்குப் போட்டேன். ஸ்டைபெண்ட் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போய்வந்த கையோடு, சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"மேட் பிளாக் நாப் வேணும்ணே, ஒம்போது."

"எத்தன ஓட்ட?"

"ஒண்ணு."

இது எனக்குத் தெரியும். நீளக் கைப்பிடி என்றால் இரண்டு ஓட்டை. நடுவுக்கு நடு 64, 96, 128 மி.மீ. என்று வரும், எல்லாமே 32-இன் மடங்கு. ஐரோப்பாவில் அலமாரித் தொழிற்சாலைகள் வைத்துக்கொண்ட அளவு இது, உலகம் முழுக்க அதுவே பரவிவிட்டது. பழைய கைப்பிடியின் அளவு அதில் வராவிட்டால் பழைய ஓட்டையை அடைத்துப் புது ஓட்டை போடணும். குமிழில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு ஓட்டைதான். ரொம்பத் தெரிந்தவள் மாதிரி நின்றேன்.

"பலகை என்ன கனம்?"

முழித்தேன்.

"என்னம்மா படிக்க?"

"மெக்கானிக்கல்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் வலித்தது. குமிழோடு வருகிற எம்4 ஸ்குரூவின் பிட்ச் 0.7 மி.மீ. என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த ஸ்குரூ எந்தப் பலகைக்குள் நுழையப்போகிறது என்பதை மட்டும் அளக்காமல் வந்திருக்கிறேன். பாக்கெட்டில் வருவது 25 மி.மீ. ஸ்குரூ, 18 மி.மீ. பிளைவுட்டை மனசில் வைத்துச் செய்வது. எங்க அலமாரி முகப்புப் பலகை முழுத் தேக்கு, ஒரு அங்குலம். அந்த ஸ்குரூ பலகைக்குள்ளேயே முடிந்துபோகும், குமிழைப் பிடிக்க ஒரு மரைகூட மிஞ்சாது. வீட்டுக்கு வந்து, அளந்து, மறுபடி போய் 35 மி.மீ. ஸ்குரூவும் வாஷரும் வாங்கினேன். குமிழ் ஒன்று 75 ரூபாய்.

பழைய பித்தளைக் குமிழின் பின்னாலேயே மரத்தைக் கடிக்கிற மரை இருந்தது. திருகி எடுத்தபோது இரண்டு ஓட்டைகளிலிருந்து தீக்குச்சித் துண்டுகள் விழுந்தன. லூஸாகும்போதெல்லாம் தாத்தா தீக்குச்சியைச் சொருகி இறுக்கியிருக்கிறார். புதுக் குமிழுக்கு உள்பக்கமிருந்து ஸ்குரூ வரணும் என்பதால் 5 மி.மீ. பிட்டால் ஓட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளைத்தேன். பின்னால் ஒரு கட்டையை அணைத்துப் பிடிக்காவிட்டால் பிட் வெளியே வரும்போது மரம் பிய்ந்துவிடும். முதல் இழுப்பில் பிய்ந்தது. அடுத்த எட்டிலும் பிய்யவில்லை. பழைய தேக்கைத் துளைக்கும்போது வருகிற வாசம் பட்டாசல் முழுக்க நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "கடைக்குள்ள நுழைஞ்ச மாரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கங்கே வெளுத்திருந்த மரத்துக்கு வால்நட் கலர் ஸ்டெயினும் அடித்தேன். மொத்தம் இரண்டு நாள். முடித்துவிட்டு டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தபோது, நிஜமாகவே சொல்கிறேன், அழகாக இருந்தது. எதுவும் கண்ணைக் கூசவில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே வரிசை. ஸ்டேட்டஸ் போட்டேன், கிளாஸில் பாதிப் பேர் ஹார்ட் விட்டார்கள்.

ஆச்சி சாயங்காலம் வந்து, ஒரு குமிழைக் கையால் பொத்திப் பார்த்தாள்.

"வெல்வெட்டு மாரி இருக்கு. எல்லாம் ஒண்ணு போலவா?"

"ஆமா ஆச்சி. ஒம்போதும் ஒரே மாதிரி!"

"ம்ம். நல்லா இருக்குட்டி."

பொங்கல் முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தாள். ஏழு பித்தளைக் குமிழையும் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, மேலே கொஞ்சம் காசு கொடுத்து வாங்கியதாம். பீங்கானையும் நூல் சுற்றிய கட்டையையும் எடைக்கு யார் எடுப்பார்கள்? அவை இரண்டும் பரணில் கிடந்தன.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினாள். குரலில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா, டெஸ்ட் எப்படி என்று கேட்டுவிட்டு, "ஆச்சிக்கு இப்ப ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுக்கம், பேச்சு குழறல். அம்மா சுகர் பார்த்தால் 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, மறுபடி கொடுத்து, அப்புறம் இட்லி ஊட்டி, விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். காலையில் மாத்திரை அட்டையை எண்ணினால், காலை மாத்திரையில் ஒன்று குறைகிறது, ராத்திரி மாத்திரையில் ஒன்று கூடுதல். ராத்திரி பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக, காலையில் போட்ட சுகர் மாத்திரையையே இரண்டாவது தடவை போட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டது இரண்டே இட்லி.

"மறதி வந்துட்டுட்டி ஆச்சிக்கு. இனிமே நாந்தான் எடுத்துக் குடுக்கணும். மாத்திரையெல்லாம் ஃபிரிட்ஜுக்கு மேல தூக்கி வச்சிட்டேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுபத்தெட்டு வயசு. மறதி வராதா என்ன.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். ஆச்சி வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தாள். மாத்திரை நேரத்துக்கு அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள். ஆச்சி சின்னப் பிள்ளை மாதிரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள். அம்மா காட்டச் சொல்லவில்லை. ஆச்சியாகவே காட்டினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் டிவியைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து ஆச்சி அலமாரிப் பக்கம் வந்தாள். மூக்குக் கண்ணாடி டப்பாவைத் தேடியிருக்க வேண்டும். வலது கையை அலமாரியின் மேல் விளிம்பில் வைத்தாள். விளிம்பிலிருந்து கையைக் கீழே இறக்கி முதல் குமிழைத் தொட்டாள். உதடு அசைந்தது. ஒண்ணு. அடுத்தது. ரெண்டு. அப்புறம் பக்கவாட்டில் நகர்த்தினாள், பலகையை மட்டும் தடவினாள், குமிழ் கிடைக்கவில்லை, மறுபடி விளிம்புக்கே போய் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள். திறந்தது பட்டன் இழுப்பு. மூடினாள். மறுபடி விளிம்பு.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஆச்சி, முந்தி எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"என்னத்த?"

"மாத்திர இழுப்ப."

"காலைல வெள்ளக் குமிழு. அது எனக்குத் தெரியும், வெள்ளையால்லா. ராத்திரிக்கு நூலு. அது கையே சொல்லிரும், லைட்டு எதுக்கு?"

"அப்ப ஏன் ஆச்சி எங்கிட்ட சொல்லல?"

"நீ ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம ஆசையா மாட்டுன. எண்ணிப் பழகிருவோம்னு நெனச்சேன்."

ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுகர் கட்டுக்குள் வந்த பிறகு ஆபரேஷன் என்று டாக்டர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். தாத்தா தொலைத்த இரண்டு குமிழ்களால் வேறுமாதிரி ஆகிப்போன இரண்டு இழுப்புகளை, தொலையக் கூடாத பொருளுக்காக ஆச்சி தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். அலமாரியில் எது அசிங்கம் என்று நான் நினைத்தேனோ அதுதான் அவளுக்கு அடையாளம்.

அன்று ராத்திரி, கொஞ்சம் ரோஷத்தில், போனில் அலமாரியைப் படம் எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். குமிழ்கள் காணாமல் போயின. இருட்டு மரத்தில் இருட்டுக் குமிழ். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை ஒரு எண்ணால் சொல்வார்கள். பார்வை குறைந்தவர்களுக்காகக் கட்டடங்களை வடிவமைக்கும்போது, கதவுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அந்த எண்ணில் 30 வித்தியாசமாவது இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் தர ஆவணமான பி.எஸ். 8300 சொல்கிறது. என் ஸ்டெயினும் என் குமிழும் இரண்டுமே அடிமட்டத்தில். ரீல்ஸில் பார்த்த அலமாரிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளை அலமாரி. வெள்ளையில் கறுப்பு பளிச்சென்று தெரியும். நான் குமிழை மட்டும் காப்பியடித்திருக்கிறேன், அது நிற்கிற சுவரைக் காப்பியடிக்கவில்லை.

மேட் என்பதும் சும்மா ஒரு நிறத்தின் பெயர் இல்லை. இந்தக் குமிழ்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்பவை. மேலே பவுடரை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைப்பார்கள். அந்தப் படிவு நுணுக்கமாகச் சொரசொரவென்று இருக்கும். விழுகிற வெளிச்சம் ஒரு திசையில் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறிவிடும். பளபளப்பான பித்தளைக் குமிழ் அப்படி இல்லை. அது ஒரு குட்டிக் குவி ஆடி. குவி ஆடி எங்கே இருந்தாலும் ஜன்னலையோ விளக்கையோ சுருக்கி ஒரு புள்ளியாக நம் கண்ணுக்கு அனுப்பும். நீங்கள் நகர்ந்தால் அந்தப் புள்ளியும் நகரும். பன்னிரண்டாம் வகுப்பில் இதற்குப் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். புகை படிந்த கண்ணுக்கும் அந்த ஒரு புள்ளி போதும், அங்கே ஏதோ இருக்கிறது என்று. அதுவும் எங்க பித்தளைக் குமிழ்களில் அடிக்கடி திறக்கிற இழுப்பின் குமிழ் மட்டும் கை பட்டுப் பட்டு மினுங்கும், திறக்காதது மங்கிக் கிடக்கும். எது புழங்குகிற இழுப்பு என்று அதுவே சொல்லும். புளி போடவே தேவையில்லாமல் இருந்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பரணில் ஏறினேன். பீங்கான் குமிழில் மெல்லிசாக ஒரு கீறல், ஆனால் உறுதியாகத்தான் இருந்தது. அதற்குச் சொந்தமாக நீள போல்ட்டும் நட்டும் உண்டு. நான் துளைத்த ஓட்டையில் நேராகப் போய் உட்கார்ந்தது. நூல் கட்டைக்கு உள்பக்கமிருந்து மர ஸ்குரூ. ஓட்டை பெரிசாகிவிட்டதால் அகல வாஷர் போட்டு இறுக்கினேன். பரணில் பூச்சி அரித்ததில் நூல் பாதி பிய்ந்திருந்தது. ஆச்சி இழுப்பைத் திறந்து பச்சை நூற்கண்டைத் தேடி எடுத்தாள். அதுவும் தாத்தா கடை நூல்தான். பழசு, இழுத்தால் அறுந்தது. அதை வைத்துவிட்டுப் புது நூல் வாங்கி வந்தேன். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன், ஆச்சி சுற்றினாள். கண் பார்க்கவே இல்லை, விரல் ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு நெருக்கி நெருக்கித் தள்ளியது.

"உங்க தாத்தா இதச் சுத்துனப்ப நான் வைதேன். கடைக்கு வர்றவன் சிரிப்பான்னு. அவிய கேக்கல."

மாத்திரையைத் திரும்ப இழுப்புக்குள் வைக்க அம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான். அந்த ராத்திரி மூணு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள், நான் இல்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஒரு மாசத்துக்கு ஆச்சி தானே எடுத்துப் போடட்டும், அம்மா தினம் ராத்திரி அட்டையை எண்ணிக் காலண்டரில் டிக் போடட்டும். நான் ஹாஸ்டலிலிருந்து தினமும் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தொந்தரவு பண்ணினேன். பத்து நாளுக்கு மேல் அம்மாவே அனுப்புவதை நிறுத்திவிட்டாள். போன் போட்டுக் கேட்டால், "எல்லாம் சரியாத்தான் போடுதாவ, நீ படி" என்றாள்.

மீதி ஏழு குமிழையும் மாற்றவா என்று ஆச்சியிடம் கேட்டேன். பித்தளையிலேயே வாங்கித் தருகிறேன் என்றேன். "அது கெடக்கட்டும். அதுல என்ன இருக்கு, பட்டன்தான" என்றாள். ஆகவே இப்போது அலமாரியில் ஏழு மேட் பிளாக், ஒரு பீங்கான், ஒரு பச்சை நூல். வீட்டுக்கு வருகிறவர்கள் மறுபடியும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஸ்டேட்டஸ் போடவில்லை.

மே மாசம் ஆச்சிக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மெல்ல மூக்குக்கு இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்கா ஒண்ணு எழுவத்தஞ்சு ரூவா குடுத்த? கரிக்கட்டைய ஒடச்சு ஒட்டுன மாரி இருக்கு."